உலையும் அரியணையும்

எகிப்து நாட்டார் தம் அன்றாட வழக்கில் உரொட்டியை ‘அய்ஷ்’ என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் வாழ்வு என்பதாம். ஏனைய அரபு நாட்டார் பலர் உரொட்டிக்குக் ‘குப்ஸ்’ என்னும் வேறு சொல்லை ஆள, நைல் நதிக்கரையார் உண்பதையும் உயிர் வாழ்வதையும் ஒரே சொல்லிற் கட்டி வைத்திருக்கின்றனர். 2011 ஜனவரியிற் கெய்ரோ நகரத்துத் தஹ்ரீர் சதுக்கத்திற் கூடிய மக்கள் எழுப்பிய முழக்கங்களுள் ஒன்று அச்சொல்லையே முதற்கண் வைத்தது: உணவு, விடுதலை, சமூக நீதி. முறைவைப்பிற் பொருள் காணப் பழகிய நம்மனோர்க்கு இம்மூன்றன் முறைவைப்பே அவ்வெழுச்சியின் வரலாற்றிற் பாதியைச் சொல்லிவிடும்.

அவ்வெழுச்சிகளுக்கு மேனாட்டுப் பத்திரிகையாளர் ‘அரபு வசந்தம்’ என்று பெயர் சூட்டினர். ஐரோப்பாவில் 1848 இலும், பிராக் நகரத்தில் 1968 இலும் நிகழ்ந்தவற்றுக்கு இட்ட பெயரை எடுத்து இங்கும் ஒட்டினர் என்க. எழுச்சி தொடங்கியதோ மார்கழிக் குளிரில். அரபியர் தாம் அதனைத் ‘தௌரா’, அஃதாவது புரட்சி, என்றே வழங்கினர். பிறர் இட்ட பெயரைக் கொண்டு ஒரு மக்களின் துயரை அளப்பது பிழைபடும். வசந்தம் என்று பெயரிட்டவர்களே பின்னர் ‘வசந்தம் வாடிற்று’ என்று எழுதித் தம் கடனைத் தீர்த்துக்கொண்டனர்.

நிகழ்ந்தது யாது? துனீசிய நாட்டில் சீதி பூசித் என்னும் சிற்றூரிலே, முகம்மது பூவசீசி என்னும் இருபத்தாறு வயது இளைஞன் தள்ளுவண்டியிற் பழமும் மரக்கறியும் விற்றுக் குடும்பத்தைக் காத்து வந்தான். 2010 டிசம்பர் 17 ஆம் நாள் நகரசபை அலுவலர் அவனுடைய தராசைப் பறித்தனர். ஆளுநர் அலுவலகத்துக்குச் சென்று முறையிட்டான், கேட்பார் இல்லை. அவ்வாயிலிலேயே தன்மேல் தீ மூட்டிக்கொண்டான். 2011 ஜனவரி 4 இல் இறந்தான். பத்து நாள் கழிந்து, இருபத்து மூன்று ஆண்டு நாட்டை ஆண்ட பென் அலி சவூதி அரேபியாவுக்கு ஓடிவிட்டார். முதற் செய்திகள் பூவசீசியை வேலையற்ற பட்டதாரி என்றன. அது மெய்யன்று, அவன் உயர்பள்ளிப் படிப்பையும் முடித்தவனல்லன். பட்டதாரியாயிருந்தாற்றான் அவன் துயர் உலகுக்குப் புரியும் என்று எவரோ கருதினர் போலும்.

வறுமைதான் எழுச்சிக்கு ஏது என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வது எளிது. வறுமை அந்நாடுகளில் நெடுங்காலமாக இருந்தது. எழுச்சியோ என்றும் இருந்ததில்லை. ஆதலின் வறுமையோடு வேறொன்று கூடியிருத்தல் வேண்டும். அக்கூட்டுப்பொருள் அவமதிப்பு என்பது என் துணிபு. தராசு பறிபோனமையால் உண்டான நட்டம் சிறிது. முறையிடச் சென்றவனைக் கண்ணெடுத்தும் பாராமை பெரிது. ஒரு தனியாளின் முறையீடு கேளாத வாயிலிலிருந்து ஒரு நகரம் எரிந்த கதையைச் சிலப்பதிகாரம் பயிற்றும் நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வருகின்றோம். மதுரையில் எரிந்தது நகர். சீதி பூசித்தில் எரிந்தது முறையிட்டவன் உடல். ஆயினும் இரண்டிடத்தும் வாயிற்காவலன் ஒருவன் இருந்தான். மதுரைக் காவலன் உள்ளே சென்று சொன்னானாவது!

விலையேற்றம் இதற்கு எண்ணெய் வார்த்தது. 2010 இல் உருசியாவிற் கடும் வறட்சி. அவ்வாண்டு ஆகத்தில் அந்நாடு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையிற் கோதுமை விலை ஏறிற்று. அக்காலத்தில் உலகிலே மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்த நாடு எகிப்து. கருங்கடற் கரையில் மழை பொய்த்தால் கெய்ரோவில் அடுப்புத் தணியும் என்னும் நிலையில் அந்நாட்டை ஆண்டோர் வைத்திருந்தனர். அந்நாட்டார்க்கு இது புதிதுமன்று. 1977 ஜனவரியில் அன்வர் சதாத் அரசு உரொட்டி முதலியவற்றின் மானியத்தைக் குறைத்தபோது மக்கள் தெருவில் இறங்க, இரண்டே நாளில் அரசு பின்வாங்கிற்று. துனீசியாவிலும் 1984 ஜனவரியில் அதுவே நிகழ்ந்தது. பூர்கிபா உரொட்டி விலையைப் பழையபடி வைத்தார். விலையை மீட்டவர்கள் ஆட்சியைக் காத்துக்கொண்டனர். 2011 இல் மக்கள் விலை குறைப்பைக் கேட்டிலர். ஆட்சியின் வீழ்ச்சியைக் கேட்டனர். இந்த வேறுபாடே எழுச்சிக்கும் கலகத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். அரபியர் கதை நமக்கு அயலார் கதையன்று என்பதற்கு 1953 ஆம் ஆண்டே சான்று.

சுதந்திர இலங்கையில் ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 25 சதத்துக்கு விற்கப்பட்டது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறவே, இடைவெளியை அரசு தன் கருவூலத்திலிருந்து நிரப்பி வந்தது. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் நல்ல விலைக்குப் போயிற்று. கையில் பணம் இருந்தது. போர்ச்சந்தை தணிந்ததும் இறப்பர் விலை விழுந்தது. 1952 டிசம்பரிற் சீனாவோடு இறப்பருக்கு அரிசி என்று உடன்படிக்கை செய்துகொண்டதும் இந்நெருக்கடியின் விளைவே. அவ்வாண்டுத் தேர்தலில் 25 சத விலை மாறாது என்று வாக்களித்தே டட்லி சேனநாயக்கா ஆட்சிக்கு வந்தார். 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வரவுசெலவுத் திட்டம் அவ்விலையை 70 சதம் ஆக்கிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. புகைவண்டிக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின.

1953 ஆகத்து 12. இடதுசாரிக் கட்சிகள் விடுத்த அழைப்பை ஏற்று நாடு கதவடைத்தது. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. தென்மேற்குக் கரையிலே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தெருக்களில் மரங்கள் வீழ்த்தப்பட்டன. துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். அமைச்சரவை தன் நாட்டு மண்ணிற் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. அவசரகால நிலை பிறந்தது. ஒக்டோபரிற் பிரதமர் பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவலை வந்தார். அரிசி விலை பின்னர் 55 சதமாகக் குறைந்தது. இந்த 70 சதத்தையும் கப்பலிற் கூடிய அமைச்சரவையையும் நம் மாணவர் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாய்ப் படித்து மறக்கின்றனர். கெய்ரோவில் 1977 இல் நிகழ்ந்ததற்கு இருபத்து நான்கு ஆண்டு முன்னரே கொழும்பில் அதன் ஒத்திகை நடந்துவிட்டது என்பதை ஆசிரியன்மார் எடுத்துச் சொல்லலாம்.

‘ஹர்த்தால்’ என்பது கூர்ச்சர மொழிச் சொல். கடை என்று பொருள்படும் சொல்லும் பூட்டு என்று பொருள்படும் சொல்லும் புணர்ந்து பிறந்தது என்பர். காந்தியடிகள் அதனை அறப்போர்ச் சொல் ஆக்கினார். நம் ‘கடையடைப்பு’ அதன் நேர் நிழல். இச்சொல்லைத் தீவகத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. புங்குடுதீவு, வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறை முதலிய இடத்து வணிகர் கொழும்பிலும் தென்னிலங்கைச் சிற்றூர்கள் பலவற்றிலும் கடை வைத்து வாழ்ந்தனர். மாரி மழையை நம்பிய சிறு வயலும், பனையும், கடலும் தந்தவை போதாமையால், வணிகமே தீவகத்தின் பெருவயலாயிற்று. நாட்டில் எவ்விடத்துக் கூட்டம் கொதித்தெழுந்தாலும் அதன் வெம்மை முதலில் உறைப்பது கடைவாயிலில் நிற்பவனுக்கு.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமற் சொல்ல வேண்டும். கூட்டத்தின் கை எப்போதும் அரண்மனையையே நாடும் என்பதில்லை. 1953 இல் அரசை நோக்கி நீண்ட கை, 1958 இல் அயலான் கடையை நோக்கி நீண்டது. 1977 இலும் 1983 இலும் அவ்வாறே. அவ்வாண்டுகளிற் கடையும் வீடும் இழந்து, கப்பலேறி வடக்குக்கு வந்தோரிற் தீவகத்தார் எத்துணைப் பேர் என்பதை அவ்வூர்களில் இன்னும் வாழும் முதியோர் சொல்லக் கேட்கலாம். எழுச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு நிமிரும் அரபு இளைஞனையும், அதே சொல்லைக் கேட்டதும் கதவைத் தாழிடும் நம் முதியோரையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. இதனை மறந்தவர் 2022 இல் வடக்கின் அமைதியைப் பிழைபட உரைத்தனர்.

2022 இன் காரணங்களை விரித்தற்கு இடமில்லை, பலரும் அறிந்தவை. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தமை, பெருந்தொற்றினாற் சுற்றுலா வருவாய் அற்றமை, 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்து நவம்பரில் மீண்டும் விட்டமை, டொலர் இருப்பு வற்றியமை ஆகிய இவையெல்லாம் ஒருங்கே வந்து கூடின. உக்ரேன் போர் எண்ணெய் விலையையும் கோதுமை விலையையும் உயர்த்திற்று. கருங்கடற் கோதுமை இம்முறை நம் அடுப்படிக்கும் வந்தது. மார்ச்சு இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏப்பிரல் 9 இற் காலிமுகத்திடலிற் கூடாரங்கள் எழுந்தன. ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்தலை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மொத்த வெளிக்கடன் 51 பில்லியன் டொலர். மே 9 இற் காலிமுகத்திடலில் இருந்தோரை ஆளும் கட்சி ஆதரவாளர் தாக்க, அன்றே மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவி துறந்தார். ஜூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். 13 இற் கோட்டாபய மாலைதீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் சென்று, மின்னஞ்சலிற் பதவி விலகல் அனுப்பினார். பென் அலி ஓடியதும் இவர் ஓடியதும் வானூர்தியிலேதான். சிங்களவர் அப்போராட்டத்தை ‘அரகலய’ என்றனர். அச்சொற்குப் பொருளும் போராட்டமே. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று.

தீவுகளில் அக்காலம் எவ்வாறு கழிந்தது என்பது கொழும்புப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்ததில்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏற வேண்டும். தரைவழி உள்ள ஊரில் எரிபொருள் அற்றால் மனிதன் நடந்து போகலாம், மிதிவண்டியிற் போகலாம். கடல் நடுவே இருப்பவன் எவ்வாறு நடப்பான்? படகுக்கு எண்ணெய் இல்லையென்றால் ஆசிரியர் பள்ளிக்கு வாரார். நோயாளி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகார். மூட்டை அரிசி துறையிலேயே கிடக்கும். ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு கட்டளையிட்ட நாள்களில், தீவான் ஒருவனுக்குக் கடலைக் கடப்பதைவிட அத்தியாவசியம் வேறென்ன என்று எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

மண்ணெண்ணெய்யின் கதை இதனினும் கொடிது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகிலே தொழில் செய்யும் கடற்றொழிலாளிக்கு மண்ணெண்ணெய்தான் வலை; வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீரிறைக்கும் விவசாயிக்கு அதுவே மழை. பல மாதம் அது கிடைத்தலே அரிதாயிற்று. 2022 ஆகத்து 22 இல், ஒரு லீற்றர் 87 ரூபாவாயிருந்தது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1953 இல் 25 சதம் 70 சதமானதற்கு அமைச்சரவை கப்பலேறிற்று. அஃது ஏறத்தாழ மூன்று மடங்கு. 87 என்பது 340 ஆனது ஏறத்தாழ நான்கு மடங்கு. இதற்கு ஒரு கல்லும் எறியப்பட்டிலது. காரணம் எளிது. போராட்டம் ஜூலையில் முடிந்துபோயிற்று. விலை ஏறியது அதற்கு அடுத்த மாதம்! கார் வைத்திருப்போன் துயர் பெற்றோலிற் பேசிற்று, மாளிகையை அசைத்தது. சிறுபடகோட்டியின் துயர் மண்ணெண்ணெய்யிற் பேசிற்று. அதனைக் கேட்டவர் மிகச் சிலர்.

வடக்கு ஏன் பெரும்பாலும் அமைதியாக இருந்தது? தென்னிலங்கை நண்பர் பலர் வருத்தத்தோடு கேட்ட வினா இது. மேலே சொன்ன கடைவாயில் நினைவு ஒன்று. மற்றொன்று, வரிசையும் இருளும் எமக்குப் புதியனவல்ல. 1990 இலிருந்து குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. மின்கலமும் உரமும் எரிபொருளும் வருதல் தடுக்கப்பட்டன. தீவகத்தார் பெரும்பாலார் அக்காலத்தில் இடம்பெயர்ந்து குடாநாட்டிற் பிறர் வளவுகளில் இருந்தனர். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கு. மிதிவண்டிச் சில்லைச் சுழற்றி வானொலி. துளி பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்யில் ஓடும் மோட்டார்ச் சைக்கிள். அவ்விளக்கில் நன்னூற் சூத்திரம் நெட்டுருப் பண்ணியவர்களுள் யானும் ஒருவன். கண்ணாடி அணிந்தமைக்கு அவ்விளக்கையே காரணமாகச் சொல்வேன், வைத்தியர் ஒப்பாவிட்டாலும். முப்பதாண்டின் பின் கொழும்பு அவ்விருளை முதன்முறை கண்டு திகைத்தபோது, எம்மவரிற் பலர்க்கு இரக்கமும் வந்தது. ‘இப்போதாவது தெரிந்ததே’ என்னும் முணுமுணுப்பும் வந்தது. இரண்டும் மனித இயல்பே. முணுமுணுப்பை மாத்திரம் கேட்டு எம்மைக் குறை சொன்னவர்க்கும், இரக்கத்தை மாத்திரம் கேட்டு எம்மைப் புகழ்ந்தவர்க்கும் காது ஒன்றேயாம்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி தொடக்கம் தெருவோரக் கொட்டகைகளில் இருந்தனர். காலிமுகத்திடற் கூடாரங்களை உலகச் செய்தியாளர் சூழ்ந்த வேளையில் அக்கொட்டகைகள் ஆயிரத்தெண்ணூறு நாள்களைக் கடந்திருந்தன. ஆதலின் வடக்கிற் போராட்டம் இல்லை என்பது பொய். அதனைப் பார்க்கக் கூட்டம் இல்லை என்பதே மெய். ஆயினும் நன்றியறிதலும் வேண்டும். காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழில் ஒலித்தது. 2022 மே 18 இல் அங்கே முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டது, கஞ்சி பகிரப்பட்டது. கொழும்பின் நடுவே அது நிகழும் என்று அதற்கு ஓராண்டு முன் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம். அவ்வாண்டு ஆகத்தில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே முதலியோர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டபோது, 1979 இலிருந்து தமிழ் இளைஞர் அறிந்த அச்சட்டத்தைத் தெற்கின் இளைஞரும் அறிந்தனர். ஒரு துயரைப் பகிர்ந்தமையால் உண்டாகும் உறவு, மேடையிற் கைகோர்த்தலால் உண்டாவதினும் உறுதியுடையது.

அரசன் ஓடிய பின் நிகழ்ந்தவைதாம் ஆராய்ச்சிக்குரியவை. எகிப்திலே முபாரக் 2011 பெப்ரவரி 11 இற் பதவி துறந்தார். 2012 இல் முர்சி தேர்தலில் வென்றார். 2013 ஜூலை 3 இல் இராணுவம் அவரை அகற்றிற்று. துனீசியா 2014 இல் நல்லதோர் அரசியலமைப்பை இயற்றிற்று. 2021 ஜூலையில் ஜனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்தை முடக்கினார். லிபியாவிற் கடாபி 2011 ஒக்டோபர் 20 இற் கொல்லப்பட்டபின் நாடு இரண்டாய்ப் பிளந்தது. சிரியாவைப் பற்றிச் சொல்லும்போது ஆசிரியனுக்கு நா எழாது. 2011 இல் தரா என்னும் ஊரில் பள்ளிச் சிறுவர் சிலர் சுவரில் அரசுக்கு எதிராய் எழுதினர். பிள்ளைகள் சுவரில் எழுதினால் நாம் காதைத் திருகிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வோம். அங்கே அவர்களைப் பிடித்துச் சென்று வதைத்தனர். தந்தையர் தெருவுக்கு வந்தனர், படை சுட்டது. பதின்மூன்றாண்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அயல்நாடுகளில் அகதியாயினர். 2024 டிசம்பர் 8 இல் அசாத் மொஸ்கோவுக்கு ஓடினார்.

இலங்கை அவ்வழிச் செல்லாமைக்கு நம் நற்பண்பே காரணம் என்று தென்னிலங்கையிற் சிலர் எழுதினர். முப்பதாண்டுப் போர் நடத்திய நாட்டார் அவ்வாறு எழுதுதல் நாணுத்தக்கது. மெய்க்காரணம் வேறு. ஓடியவருக்கு அடுத்தவர் யார் என்பதை எழுதிய சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி 2022 ஜூலை 20 இற் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தது. தெரியப்பட்டவரை மக்கள் விரும்பினரா என்பது வேறு. அரியணை ஒரு நாளும் வெறுமையாய் இருந்ததில்லை. சிரியாவிற் படைத்தலைவர் பலர் ஆள்வோன் மரபினர். தெருவில் நின்றோர் வேறு மரபினர். இங்கோ ஜூலை 9 இல் மாளிகை வாயிலில் நின்ற படைவீரனும் உள்ளே புகுந்த இளைஞனும் ஒரே ஊராராயிருத்தல் கூடும். இந்த ஒற்றுமை ஓர் எல்லைவரையே காக்கும் என்பதை யாம் அறிவோம். அந்த எல்லை மொழியாய் அமைந்தபோது, துப்பாக்கி தயங்கியதில்லை. மற்றொன்று, நம் நாட்டு எழுச்சிக்கு அயல்நாடு எதுவும் ஆயுதம் கொடுக்கவில்லை. சிரியாவுக்குக் கொடாதவர் அரிது. ஆயுதத்துக்கு மாறாக நமக்கு வந்தது கடன்.

அயலார்க்கு உண்டாகும் விளைவைப் பற்றி இனிச் சொல்லுதல் வேண்டும். அரபு எழுச்சியின் அலை நம் கரையிலும் மோதிற்று. 2011 தொடக்கத்தில் எண்ணெய் பீப்பாய் நூறு டொலரைக் கடந்தது. லிபியாவிலிருந்து நம் நாட்டுத் தொழிலாளர் உடுத்த உடையோடு திரும்பினர். சிரியா, லிபியா, எகிப்து ஆகியவை நம் தேயிலையை விரும்பி வாங்கிய நாடுகள். அங்கே குண்டு விழ, இங்கே மலையகத்தின் தேயிலைச் சந்தை ஆட்டம் கண்டது. யேமனில் 2015 மார்ச்சிற் சவூதி தலைமையில் தொடங்கிய போர் எழுச்சியின் எச்சமே. பஹ்ரெயினுக்குச் சவூதிப் படை 2011 மார்ச்சிலேயே சென்று எழுச்சியை அடக்கிற்று. ஒரு நாட்டில் அரியணை அசைந்தால் அயல்நாட்டு அரசன் தன் நாற்காலியைக் கையாற் பற்றிக்கொள்கிறான். இது எவ்விடத்தும் காணும் இயல்பு. நம் பகுதியிலும் கண்டோம். 2024 ஆகத்து 5 இல் டாக்காவிலிருந்து ஷேக் ஹசீனா வானூர்தியேறி இந்தியாவுக்குச் சென்றார். 2025 செப்டெம்பரில், சமூக ஊடகத் தடையினால் மூண்ட இளைஞர் எழுச்சியில், நேபாளப் பிரதமர் ஒலி இரண்டே நாளிற் பதவி துறந்தார். மூன்று நாட்டிலும் மாளிகையுட் புகுந்த இளைஞர் கையிலே கைபேசி இருந்தது. மூன்றிலும் முதியோர் வியந்தனர்.

பாக்குநீரிணை அப்போது மீண்டும் மக்களைச் சுமந்தது. 2022 மார்ச்சு 22 இல் வடபகுதியிலிருந்து பதினாறு பேர் தனுஷ்கோடிக்கரை சேர்ந்தனர். போருக்கஞ்சி அக்கரை சென்றோரைக் கண்ட மண்டபம் முகாம், விலைக்கஞ்சிச் சென்றோரையும் கண்டது. தமிழ்நாட்டரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்பிற்று. நடுவணரசு அவ்வாண்டிற் கடனாகவும் உதவியாகவும் ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலர் தந்தது. பசித்தவனுக்கு உணவு தருவோன் முகத்தைத்தான் பசித்தவன் பார்ப்பான். அவன் கைக்குறிப்பேட்டைப் பாரான். ஆராய்ச்சியாளனோ குறிப்பேட்டையும் பார்த்தல் கடன்.

அக்குறிப்பேட்டில் நம் தீவுகளின் பெயர் இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின் ஆக்கும் திட்டம் ஒன்றனை 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு வழங்கிற்று. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவித் திட்டம் அது. தமிழகக் கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிற் சீனர் வந்திருத்தலை இந்தியா ஒப்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரிற் சீனத் தூதரகம், மூன்றாந்தரப்பு ஒன்றன் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டது என்று அறிவித்தது. 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருள் வரிசைகள் நீண்டு, கொழும்பு இருண்டிருந்த வாரத்தில், இந்திய வெளியுறவு அமைச்சர் வந்தார். அதே மூன்று தீவுகளுக்கு அதே திட்டத்தை இந்திய நன்கொடையாற் செய்வதற்கு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஒரு தலைநகரில் உலை கொதியாமை, கடல் நடுவே ஒரு தீவின் விளக்கை ஏற்றும் கை எது என்பதைத் தீர்மானித்தது. இதனைக் காட்டிலும் தெளிவாக ‘பிராந்திய விளைவு’ என்னும் தொடருக்கு உரை எழுத முடியாது.

நயினாதீவே மணிமேகலை கூறும் மணிபல்லவம் என்பார் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. பசியைப் பிணி என்று கண்டு, அதற்கு மருந்தாய் ஒரு பாத்திரத்தைப் படைத்த காப்பியத்தின் இடமாக அத்தீவை மக்கள் கருதுவது போதும். நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். அக்காப்பியத்தில் மணிமேகலை சோறிட்டதோடு நின்றிலள். அரசனிடம் சென்று சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு வேண்டிப் பெற்றாள். சோறும் சிறையும் ஒரே வினாவின் இரு பக்கம் என்பதைக் கண்ட புலவன் சீத்தலைச் சாத்தன். தஹ்ரீர் சதுக்கத்து முழக்கத்தின் முறைவைப்பும் அதுவன்றோ?

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பர் 14 இல் அவர் கட்சி 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அதற்குக் கிடைத்தன. காலிமுகத்திடலுக்கு வராத வடக்கு வாக்குச்சாவடிக்கு வந்தது என்று அதனைக் கொள்ளலாம். தமிழ்க் கட்சிகள் மீது சலிப்பு என்று கொள்வாரும் உளர்; இரண்டும் கூடியது என்பேன். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2024 முடியும் வரையும் அதற்குத் தேர்தல் நடத்தப்பட்டிலது. அரசனை மாற்றிய எழுச்சி அவ்வாசனத்தைத் தொட்டதில்லை.

மூன்று தீவுத் திட்டத்துக்கு இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் 2024 மார்ச்சு 1 இற் கொழும்பிற் கைச்சாத்தாயிற்று. நன்கொடை ஏறத்தாழ 11 மில்லியன் டொலர். நாட்டின் பெருமின்வலையோடு இணைப்பில்லாத அத்தீவுகளுக்கு அதுகாறும் மின்னொளி தந்தவை டீசல் இயந்திரங்கள். அவற்றுக்கு வேண்டிய எண்ணெய்யும், பள்ளி ஆசிரியரும், மூட்டை அரிசியும் போலக் கடலைக் கடந்தே வரவேண்டியிருந்தது.